ஃபர்ம்ஸ்: காட்டுத்தீயைச் செம்புள்ளிகளாகக் காட்டும் இலவசச் சேவை, ஐந்து தீப்பருவங்களுக்குப் பிறகு

மாசி பிறந்துவிட்டால் முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் இலையுதிர் காடு முழுவதும் சருகு மூடிக் கிடக்கும். அன்று தொடங்கிக் கோடை மழை இறங்கும் வரை, காலையில் எழுந்ததும் நான் முதலில் திறந்து பார்ப்பது நாசாவின் ஃபர்ம்ஸ் வரைபடத்தைத்தான். உலகில் எங்கே தீ எரிந்தாலும், செயற்கைக்கோள் அதைக் கண்ட சில மணி நேரத்துக்குள் வரைபடத்தில் ஒரு செம்புள்ளியாக இட்டுக் காட்டும் இலவசச் சேவை இது. நீலகிரியின் கீழ்ச்சரிவுகளில் காட்டை மீட்டெடுக்கும் ஒரு சிறு குழுவுக்காக ஐந்து தீப்பருவங்களாக இதைப் பயன்படுத்தி வருகிறேன். தீ பற்றிய கணமே தகவல் வேண்டும் என்று நாடுவோருக்கு இது பாதிப் பயன்தான் தரும். ஆனால் தம்முடைய மலையில் தீ எங்கே, எந்த மாதத்தில், எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது என்று அறிந்து அடுத்த பருவத்துக்குத் திட்டமிட விரும்புவோருக்கு, இதற்கு ஈடான இலவசக் கருவி வேறொன்றை நான் பார்த்ததில்லை.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் உருவாகி, பிறகு நாசாவின் பொறுப்புக்கு வந்த சேவை இது. எரியும் பொருள் 4 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிய அகச்சிவப்புக் கதிரை மிகுதியாக உமிழும். சுற்றியுள்ள நிலத்தோடு ஒப்பிடும்போது படத்தின் மிகச் சிறிய கட்டமான ஒரு பிக்சல் மட்டும் அந்த அலைநீளத்தில் தனித்துச் சுடர்ந்தால், அங்கே தீ இருப்பதாகக் கணினி முடிவு செய்கிறது. 1999 இல் ஏவப்பட்ட டெர்ரா, 2002 இல் ஏவப்பட்ட அக்வா ஆகிய செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியின் பிக்சல் 1 கிலோமீட்டர் அகலமுடையது. 2011 இல் ஏவப்பட்ட சுவோமி என்பிபி, 2017 இல் ஏவப்பட்ட நோவா-20, 2022 இல் ஏவப்பட்ட நோவா-21 ஆகியவற்றில் உள்ள விர்ஸ் கருவியின் பிக்சல் 375 மீட்டர் அகலமுடையது. கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு விர்ஸ் புள்ளி ஏறத்தாழ 35 ஏக்கரையும், ஒரு மோடிஸ் புள்ளி ஏறத்தாழ 250 ஏக்கரையும் குறிக்கிறது. வரைபடத்தில் நாம் காணும் புள்ளி அந்தப் பிக்சலின் நடுப்பகுதியே. தீ அதற்குள் எந்த மூலையிலும் இருக்கலாம். பிக்சல் முழுவதும் எரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. புதிதாகப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்பதால் இதை விரித்துச் சொல்கிறேன்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு மார்ச் மாதப் பிற்பகலில் பதிவான புள்ளி ஒன்றின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு, தீ அணைந்த மூன்றாம் நாள், அந்தக் காட்டை நன்கறிந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவருடன் நடந்து சென்றேன். இடம் வந்துவிட்டதாகக் கைப்பேசி காட்டிய இடத்தில் அயல்நாட்டுக் களையான உண்ணிச்செடிப் புதர் பச்சையாகவே நின்றது. ஒரு வறண்ட ஓடையைக் கடந்து ஏறக்குறைய 200 மீட்டர் மேலே ஏறிய பிறகுதான் கால் கரியில் பட்டது. புல்லின் அடித்தூர்கள் கறுத்துக் கட்டைவிரல் பருமனுக்குக் குறுகிக் கிடந்தன. அவற்றின் நடுவில் நகத்தால் கீறினால் குருத்து ஈரமாக இருந்தது. வெக்காளி மரங்களின் அடியில் முழங்கால் உயரத்துக்கு மட்டுமே கரி ஏறியிருந்தது. அதே சரிவின் கீழ்ப்பகுதியில், விழுந்து கிடந்த ஒரு மூங்கில் குத்தைச் சுற்றி மண்ணே செங்கல் நிறமாகச் சிவந்திருந்தது. காவலர் மேற்பகுதியைக் காட்டி, "இது ஓடுன தீ சார்" என்றார். மூங்கில் குத்தைக் காட்டி, "இது நின்னு எரிஞ்ச தீ" என்றார். அவ்விரண்டும் வரைபடத்தில் ஒரே புள்ளியாகத்தான் இருந்தன.

அவர் இரண்டு சொற்களில் பிரித்ததைத்தான் தீச்சூழலியல் பக்கம் பக்கமாக ஆராய்கிறது. தீ ஓரிடத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது, பருவத்தின் தொடக்கத்தில் வருகிறதா கடைசியில் வருகிறதா, எரிபொருள் புல்லா சருகா விழுந்த மரமா, முந்தைய தீக்கும் இதற்கும் எத்தனை ஆண்டு இடைவெளி ஆகியவற்றைப் பொறுத்தே காடு பிழைப்பதும் மாறுவதும் அமைகின்றன. தடித்த பட்டையுள்ள மரங்களும், நிலத்துக்கடியில் குருத்தைக் காத்துவைக்கும் புற்களும் நிறைந்த நம் இலையுதிர் காடுகளில் பெரும்பகுதி புல்வெளிக் காடு என்றே கருதத்தக்கது என்றும், தீயும் மேய்ச்சலும் அவற்றின் இயல்பில் அடங்கியவை என்றும் இந்திய ஆய்வாளர்கள் கடந்த பதினைந்து ஆண்டுகளாக வலுவாக வாதிட்டு வருகின்றனர். உயர்மலையின் பசுமைமாறாக் காடான சோலையின் நிலை முற்றிலும் வேறு. மெல்லிய பட்டை கொண்ட சோலை மரங்களுக்கு ஓரத்தில் தொட்டுச்செல்லும் ஓடுதீயே கேடாக முடியலாம். ஆகவே புள்ளியைக் கண்டதும் காடு அழிந்துவிட்டது என்று எழுதுவதும், இலையுதிர் காட்டுக்குத் தீ பழக்கமானதுதான் என்று விட்டுவிடுவதும் ஒரே அளவுக்குத் தவறானவை.

புள்ளியைச் சொடுக்கினால் வரும் விவரங்களில் இந்த வேறுபாட்டை ஓரளவு தொடுவது 'தீக்கதிர்வீச்சுத் திறன்' என்ற எண். அது மெகாவாட்டில் தரப்படுகிறது; எண் பெரிதாக இருந்தால் அந்தக் கணத்தில் மிகுதியான எரிபொருள் எரிந்தது என்று பொருள். ஏப்ரல் மாதத்தில் காய்ந்த புல்மேட்டில் எரியும் தீயின் எண்களை, ஜனவரியில் சருகுக்கடியில் ஊர்ந்து செல்லும் தீயின் எண்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. ஆயினும் இது ஒரு கணத்தின் அளவு மட்டுமே என்பதால், தீ நின்றதா ஓடியதா என்பதை இதிலிருந்து முடிவு செய்ய முடியாது. அடர்ந்த மரக்கவிகைக்கு அடியில் எரியும் சிறு தீ சில வேளைகளில் புள்ளியாகவே பதிவாகாது.

எச்சரிக்கைச் சேவை என்ற முறையில் இதன் எல்லையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். விர்ஸ் கருவியைச் சுமக்கும் மூன்று செயற்கைக்கோள்களும் நண்பகலுக்குப் பின் 1.30 மணியை ஒட்டியும், நள்ளிரவுக்குப் பின் 1.30 மணியை ஒட்டியுமே நம்மைக் கடக்கின்றன. மாலை 3 மணிக்குப் பற்றி இரவு 10 மணிக்கு அணைந்த தீ அவற்றின் கண்ணில் படவே படாது. கண்ட தீயும் நம்மை வந்தடைய 3 மணி நேரம் வரை ஆகும். மேகம் மறைத்தால் அதுவும் இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்க முடியாது. அத்தகைய புல்சரிவில் தீ நிமிடக்கணக்கில் மேலேறிவிடும். எனவே மலையேற்றம் செல்வோர், வரைபடத்தில் புள்ளி இல்லாததைப் பாதுகாப்புக்கான உறுதிமொழியாக ஒருபோதும் கொள்ளக்கூடாது.

நம் நாட்டுக்குள் உடனடித் தகவல் மட்டுமே தேவைப்படுவோருக்கு, டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் நடத்திவரும் எச்சரிக்கைச் சேவை கூடுதலாகப் பொருந்தும். அதுவும் இதே செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டதுதான். ஆனால் வன எல்லைகளோடு பொருத்திப் பார்த்து, பதிவு செய்துகொண்டவர்களுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. 2019 ஜனவரியில் அதன் மேம்பட்ட வடிவம் வெளிவந்தது. வயலில் கரும்புச் சோகையைக் கொளுத்தினாலும் புள்ளி இடும் ஃபர்ம்ஸில் இந்தப் பிரிப்பு கிடையாது. வேண்டிய பரப்பை வரைந்து கொடுத்தால் மின்னஞ்சலில் எச்சரிக்கை அனுப்பும் வசதி ஃபர்ம்ஸிலும் உண்டு. நாங்கள் எங்கள் சரிவைச் சுற்றி 5 கிலோமீட்டர் விளிம்பு விட்டு வரைந்திருக்கிறோம். பக்கத்துப் பள்ளத்தாக்கில் இன்று தீ என்றால் நாளை யாரை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்க அது உதவுகிறது.

இந்தச் சேவையின் உண்மையான செல்வம் அதன் பழைய பதிவுகளில் இருக்கிறது. மோடிஸ் பதிவுகள் 2000 நவம்பரிலிருந்தும், விர்ஸ் பதிவுகள் 2012 ஜனவரியிலிருந்தும் கிடைக்கின்றன. பரப்பையும் தேதிகளையும் குறித்துக் கேட்டால், பதிவிறக்கும் இணைப்பு மின்னஞ்சலில் வந்துசேரும். கட்டணம் எதுவும் இல்லை. ஒரு காட்டை ஆள்வதற்கு இது எவ்வளவு முக்கியம் என்பதை முதுமலையைக் கொண்டே விளக்கலாம். 1989 முதல் 2002 வரையிலான 14 ஆண்டுகளின் தீ வரைபடங்களை ஆராய்ந்து 2004 இல் வெளிவந்த ஆய்வு, அங்கே ஓரிடத்துக்குத் தீ திரும்பி வரும் சராசரி இடைவெளி 3.3 ஆண்டுகள் என்று கண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்ததைவிட இது மிகவும் குறுகிய இடைவெளி. மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு மரக்கன்று தீக்குத் தப்பும் உயரத்தையும் பட்டைத் தடிப்பையும் எட்டிவிடுமா என்பதே காட்டின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் கேள்வி. அந்த ஆய்வுக்குத் தேவைப்பட்ட வகையான தரவு இன்று ஒரு கல்லூரி மாணவரின் மடிக்கணினிக்கு இலவசமாக வந்துவிடுகிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்குகிறது.

ஆனால் எண்ணும் முறையில் கவனம் வேண்டும். 2012 இல் விர்ஸ் கருவியோடு ஒரு செயற்கைக்கோள் இருந்தது. இப்போது மூன்று இருக்கின்றன. எல்லாப் புள்ளிகளையும் கூட்டினால் ஒரே தீ மூன்று முறை எண்ணப்பட்டு, பத்தாண்டில் காட்டுத்தீ பன்மடங்கு பெருகிவிட்டது என்ற பொய்யான முடிவு வந்து நிற்கும். தீயின் போக்கை ஆண்டுகளுக்கிடையே ஒப்பிட வேண்டுமானால் தொடக்கம் முதல் இறுதி வரை சுவோமி என்பிபி ஒன்றின் பதிவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மோடிஸ் புள்ளிகளை விர்ஸ் புள்ளிகளோடு ஒருபோதும் கலக்காதீர்கள். பதிவில் உள்ள நேரம் உலகப் பொது நேரம் என்பதால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். எரிந்த பரப்பைப் புள்ளிகளின் எண்ணிக்கையிலிருந்து கணிக்கவும் கூடாது; அதற்கு ஐரோப்பிய சென்டினல்-2 செயற்கைக்கோளின் 10 மீட்டர், 20 மீட்டர் நுணுக்கமுள்ள படங்களில் கரித்தழும்பை வரைவதே முறை. ஃபர்ம்ஸ் எந்த நாளில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுவதால், அந்த வேலை பாதியாகக் குறைகிறது.

திட்டமிடலில் இது எங்கே உதவுகிறது என்பதற்கு, எங்கள் எல்லைக்கு வடக்கே கர்நாடகத்தில் உள்ள பிலிகிரிரங்கன் மலையின் அனுபவத்தைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே வாழும் பழங்குடியினரான சோலிகர்கள் பருவத்தின் தொடக்கத்தில் சருகை மட்டும் எரித்துச் செல்லும் மென்தீயை வைத்து வந்தார்கள். 'தரகு பெங்கி' என்பது அவர்கள் அதற்கிட்ட பெயர். 1974 இல் அந்தக் காடு சரணாலயமானதை ஒட்டி அந்த வழக்கம் தடைபட்டது. உண்ணிச்செடி பெருகியதற்கும் நெல்லி மரங்களில் ஒட்டுண்ணிச் செடிகள் மிகுந்ததற்கும் அந்தத் தீ நின்றுபோனதே காரணம் என்று சோலிகப் பெரியவர்கள் கூறுகின்றனர். உண்ணிச்செடி தீயை வளர்க்கிறது, தீ உண்ணிச்செடியை வளர்க்கிறது என்ற சுழற்சிக் கருதுகோளை 2005 இல் முன்வைத்த ஆய்வாளர்களில் சிலரே, பின்னர் சோலிகர்களின் அறிவைப் பதிவு செய்து இந்தக் கேள்வியை மீண்டும் எழுப்பினார்கள். புதர் மண்டிய காட்டில் இன்று தீ வைத்தால் அது பழைய மென்தீயாக இராது என்பதால், மீண்டும் கொளுத்துவதே தீர்வு என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. எந்தச் சரிவில் முதலில் புதரை அகற்றுவது, தீ தாண்டாதபடி முன்கூட்டியே எரித்து வெறுமையாக்கும் தீத்தடுப்புக் கோடுகளில் எதை அகலப்படுத்துவது, எங்கே தீயே நுழையாமல் காப்பது என்று இடத்துக்கு இடம் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவுக்கு அடிப்படையான தீ வரலாற்றைத்தான் ஃபர்ம்ஸ் தருகிறது.

மலையில் சிக்னல் கிடைக்கும் இடங்கள் குறைவு. வரைபடமும் தமிழில் இல்லை. ஆகையால் ஒவ்வொரு டிசம்பரிலும் பத்தாண்டுப் பதிவுகளை மாதவாரியாக நிறம் பிரித்து, ஓடைகளுக்கும் பாறைகளுக்கும் உள்ளூர்ப் பெயர்களை எழுதி, ஒரு பெரிய தாளில் அச்சிட்டுக் காவலர்களிடம் கொடுக்கிறோம். சென்ற ஆண்டு, என்னோடு நடந்து வந்த அந்தக் காவலர் தாளைத் தரையில் விரித்து, பேனாவை எடுத்து, ஒவ்வொரு புள்ளிக் கூட்டத்தின் அருகிலும் குறிப்பு எழுதத் தொடங்கினார். ஜனவரி மாதப் புள்ளிகளில் வரிசையாக நின்ற ஏழு புள்ளிகளை வளைத்து, "கோடு எரிச்சது, நாங்க வச்சது" என்று எழுதினார். மற்றவற்றில் சிலவற்றுக்கு 'ஓடுனது' என்றும் சிலவற்றுக்கு 'நின்னது' என்றும் குறித்தார். மூங்கில் குத்து எரிந்த இடத்தில் மட்டும் பேனாவை அழுத்தி இரண்டு முறை வட்டமிட்டார். இந்த ஆண்டு அந்த இடத்திலிருந்துதான் விழுந்த மூங்கிலை அப்புறப்படுத்தத் தொடங்கியிருக்கிறோம்.