திறக்கும்போதெல்லாம் ஒரு வாசகம்: கனடாவில் ஓராண்டு எங்களோடு இருந்த கேமரா

மகன் வீட்டில் ஓராண்டு தங்குவதற்காகக் கனடா புறப்படவிருக்கும் தோழி ஒருவர், நாங்கள் அங்கே கொண்டுபோன கேமராவின் விலை இப்போது நன்றாக இறங்கியிருக்கிறது, வாங்கலாமா கூடாதா என்று ஒரே வரியில் சொன்னால் போதும் என்று கேட்டிருக்கிறார். ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய விஷயமாக இருந்திருந்தால், ஓய்வு பெற்ற இரண்டு பேர் ஒரு கேமராவை முன்னிட்டு ஓராண்டு முழுவதும் வாக்குவாதம் செய்திருக்க மாட்டோம். மாடல் எது என்பது அவருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு, 1 அங்குல சென்சாரும், கழற்ற முடியாத லென்ஸும், 600 மி.மீ. குவியத்தூரத்துக்கு ஈடாக, தொலைவில் இருப்பதை அருகே இழுத்துக் காட்டும் ஜூமும் கொண்ட, கிட்டத்தட்ட ஒரு கிலோ எடையுள்ள கேமரா என்று சொன்னால் போதும். மற்ற விவரங்கள் எல்லா இடத்திலும் கிடைக்கின்றன. நான் சொல்ல வந்தது அந்த விவரங்களில் எங்கும் இல்லாத ஒன்றைப் பற்றி.

இந்தியாவில் விற்கப்படும் இந்தக் கேமரா, வீடியோவுக்கு ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் அமைக்கப்பட்டு வருகிறது. அதாவது நொடிக்கு 25 அல்லது 50 சட்டங்கள் (ஃபிரேம்கள்). நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இங்கே அதனால் ஒரு தொல்லையும் இல்லை. கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 சுழற்சிகள். அங்கே வீட்டு விளக்குகள், குறிப்பாக மலிவான எல்இடி விளக்குகள், சுழற்சிக்கு இரண்டு வீதம் நொடிக்கு 120 முறை ஒளி ஏறி இறங்குகின்றன. நம் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் கேமரா, ஒரு சட்டம் ஒளியை வாங்கும் நேரமாக 1/50 நொடி ஷட்டரைத் தானாகவே தேர்ந்துகொள்ளும்போது, ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் அந்த ஏற்ற இறக்கம் இரண்டரைக்குச் சற்றுக் குறைவாக, முழுமையடையாமல் மாட்டிக்கொள்கிறது. விளைவாக, வீடியோவில் சாம்பல் நிறப் பட்டைகள் மேலிருந்து கீழாக ஊர்ந்துகொண்டே இருக்கும். பேத்தி முதன்முதலில் சுவரைப் பிடிக்காமல் நான்கு அடி எடுத்து வைத்ததை என் கணவர் எடுத்த வீடியோவில், குழந்தை நடப்பதைவிட அவள் பின்னாலிருக்கும் வெள்ளைச் சுவர் அதிகமாக நடக்கிறது.

கேமராவின் மெனு பட்டியலுக்குள் தேடி, நொடிக்கு 30 அல்லது 60 சட்டங்கள் எடுக்கும் என்டிஎஸ்சி (NTSC) என்ற முறைக்கு மாற்றினால் இது தீர்ந்துவிடும். மாற்றும்போது நினைவட்டையை அழித்து மறுபடி தயார் செய்யச் சொல்லும் என்பதால், முன்பு எடுத்தவற்றை அதற்குள் கணினிக்கு மாற்றிவிட வேண்டும். அது நியாயமான கட்டளை. எச்சரிக்கையும் தெளிவாக வருகிறது. நியாயமில்லாதது அதற்குப் பிறகு வருவது. மாற்றிய நாளிலிருந்து, கேமராவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், ‘ரன்னிங் ஆன் என்டிஎஸ்சி’ (என்டிஎஸ்சி முறையில் இயங்குகிறது) என்ற வாசகம் கறுப்புத் திரையில் தோன்றி, தன் நேரம் முடிந்த பிறகே விலகுகிறது. சிறிது நேரம் பயன்படுத்தாமல் இருந்தால் கேமரா தூங்கிவிடும். எழுப்பினால் மறுபடியும் அதே வாசகம். வீடியோ எடுக்காமல் புகைப்படம் மட்டும் எடுக்கும் நிலையில், அந்த முறைக்கும் எடுக்கும் படத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாதபோதும் அதே வாசகம். நிறுத்துவதற்குப் பட்டியலில் வழி கிடையாது. கல்யாண வீட்டில் ஒவ்வொரு பந்தியிலும் வந்து, ‘நான் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா’ என்று அறிமுகம் செய்துகொள்பவரைப் போல, தெரிந்த செய்தியைத் தெரிந்தவர்களிடமே சொல்லிக்கொண்டிருக்கிறது இந்தக் கேமரா.

உற்பத்தியாளரின் உதவி மையத்துக்கு எழுதிக் கேட்டேன். வடிவமைப்பே அப்படித்தான் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அந்த மரியாதைதான் எனக்கு அதிகக் கோபத்தை உண்டாக்கியது. என்டிஎஸ்சி என்பது அமெரிக்காவில் 1953-இல் வண்ணத் தொலைக்காட்சிக்காக ஏற்கப்பட்ட ஒரு முறையின் பெயர். கனடாவின் பெரும்பாலான நகரங்களில் பழைய அனலாக் ஒளிபரப்பே 2011 ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. காற்றில் இல்லாமற்போன ஓர் ஒளிபரப்பு முறையின் பெயரை, நொடிக்கு இருபது படங்களுக்கு மேல் எடுக்கக்கூடிய கருவி ஒன்று ஒவ்வொரு நாளும் எனக்கு அறிவித்தாக வேண்டிய கட்டாயம் என்ன என்பது இன்றுவரை விளங்கவில்லை.

இரண்டு நொடிக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பவர்கள் ஹம்மிங்பேர்டு எனப்படும் ஓசனிச்சிட்டைப் பார்த்ததில்லை என்றே எடுத்துக்கொள்வேன். கனடாவின் கிழக்குப் பகுதியில் கூடுகட்டும் சிவப்புக்கழுத்து ஓசனிச்சிட்டின் எடை ஏறக்குறைய மூன்று கிராம். நொடிக்கு ஐம்பது முறையளவில் சிறகடிக்கும். ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு நீர் என்ற கணக்கில் கரைத்து, சாயம் எதுவும் சேர்க்காமல், பின்கட்டில் தொங்கவிட்ட ஊட்டிக்கு, அதாவது பறவைக்குத் தீனி வைக்கும் குவளைக்கு, மே மாதத்தில் வந்துவிட்டது. அது வந்து, அலகை நுழைத்து, பின்வாங்கி, மறுபடி நுழைத்து, போய்விடும். கேமரா தூங்கிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் பெரும்பாலும் வரும். நான் பொத்தானைத் தொட்டுக் கண்ணைப் பார்வைச் சாளரத்தில் வைத்தால், முதலில் இருட்டு, பிறகு அந்த வாசகம், அதற்கும் பிறகு ஊட்டியின் சிவப்புக் குவளையும், அதன் துளையில் நிற்கும் ஒரு சொட்டுச் சர்க்கரை நீரும். அந்தச் சொட்டின் படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. கூர்மையில் குறை சொல்ல முடியாது.

கூர்மையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் என் கோபம் குறைந்துவிடுகிறது என்பதுதான் சிக்கல். என் கணவருக்கு வலது கை சற்று நடுங்கும். ஜூமை 600 மி.மீ. என்ற முழு அளவுக்கு இழுத்துவைத்து, முக்காலி இல்லாமல், 1/125 நொடியில் அவர் எடுத்த, கார்டினல் என்ற சிவப்புப் பறவையின் ஆணின் படத்தில், அலகைச் சுற்றியிருக்கும் கறுப்பு முகமூடியின் ஓரத்தில் ஒவ்வொரு மயிரிறகும் தனித்தனியாகத் தெரிகிறது. பட நிலைநிறுத்தி என்ற பகுதியை வடிவமைத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்த வாசகத்தை எழுதியவர்கள் அவர்கள் அல்லர் என்று நம்புகிறேன். கார்டினல் குளிருக்குத் தெற்கே போவதில்லை, தன் சிவப்பையும் மங்கவிடுவதில்லை. ஆகையால் சனவரியில் வெண்பனி மூடிய கைப்பிடிச் சுவரில் அது வந்து அமரும்போது எடுக்காமல் இருப்பது கடினம். அப்படி எடுக்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்கிடும். பனியைத் தானியங்கி முறையில் விட்டால் அழுக்குச் சாம்பலாகவே வரும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒளியீட்டுத் திருத்தத்தை ஒன்று முதல் ஒன்றேமுக்கால் வரை கூட்டி வைத்தால் பனி வெள்ளையாகும். இந்தக் கேமராவில் அதற்கென்று மேல்புறத்திலேயே தனிச் சக்கரம் இருக்கிறது; கையுறையோடே திருப்ப முடிகிறது. அந்தச் சக்கரத்துக்காகவே இதை மன்னித்துவிடலாம் என்று தோன்றிய காலைகள் உண்டு.

குளிரைப் பற்றியும் தோழி கேட்டிருந்தார். கையேட்டில் பூச்சியம் டிகிரிக்குக் கீழே பயன்படுத்தப் பரிந்துரை இல்லை; ஒன்டாரியோ மாகாணத்தின் சனவரி அந்தக் கையேட்டைப் படித்ததில்லை. கேமரா ஒருமுறைகூட நின்றுபோகவில்லை. ஆனால் லித்தியம் பேட்டரியின் ஆற்றல் குளிரில் மளமளவென்று குறையும். மாற்றுப் பேட்டரியைக் கோட்டின் உட்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருந்தால், குளிரில் தீர்ந்துபோனதாகக் காட்டியது சூடேறியதும் மறுபடி சிறிது நேரம் உழைக்கும். வீட்டுக்குள் திரும்பும்போது, கேமராவைக் காற்றுப்புகாத நெகிழிப் பைக்குள் வாசலிலேயே மூடிவிட்டு, அறையின் வெப்பத்துக்கு அது வரும்வரை திறக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லென்ஸுக்கு வெளியே மட்டுமின்றி உள்ளேயும் ஈரம் படியும். கழற்ற முடியாத லென்ஸில் உள்ளே படிந்ததைத் துடைக்க ஆளில்லை.

வீட்டுக்குள் எடுக்கும் படங்களில் இது சுமார்தான். டிசம்பர் இறுதியில் டொரண்டோவில் பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆகவே குளிர்காலக் குடும்பப் படங்கள் எல்லாமே விளக்கொளியில் எடுப்பவை. ஒளியை உணரும் திறனின் அளவான ஐஎஸ்ஓ 3200-ஐத் தாண்டினால் குழந்தையின் கன்னத்தில் மணல் தூவியது போலாகிறது. தூங்கும் குழந்தையை எழுப்பாதிருக்க ஓசையில்லா ஷட்டரை வைத்தால், புகைப்படத்திலும் அதே விளக்குப் பட்டைகள் வந்துவிடுகின்றன. அதற்கு என்டிஎஸ்சி முறையும் உதவாது, சத்தமிடும் ஷட்டர்தான் உதவும். மருமகளின் கைப்பேசி இந்த இடத்தில் எங்கள் கேமராவை எளிதாக வென்றுவிடுகிறது. அதை ஒப்புக்கொள்வதில் என் கணவருக்கு வருத்தம்.

ஆனால் கைப்பேசியை எடுத்துக்கொண்டு பாயின்ட் பீலிக்குப் போக முடியாது. ஈரி ஏரிக்குள் கூர்மையாக நீண்டு நிற்கும், தீவுகள் நீங்கலாகக் கனடா நாட்டு நிலப்பரப்பின் தென்கோடியான அந்த முனை 1918-இலிருந்து தேசியப் பூங்கா. மே மாதத்தில், இரவெல்லாம் ஏரியைக் கடந்து பறந்து வரும் வார்ப்ளர் என்ற சின்னஞ்சிறு பறவைகள் முதலில் கண்ணில் படும் அந்தத் தரையில் களைத்து இறங்குகின்றன. பசியில் மனிதர்களைப் பொருட்படுத்தாமல், இடுப்புயரப் புதர்களிலேயே பூச்சி தேடுகின்றன. கனமான தனி லென்ஸ்களோடு வந்தவர்கள், பறவை மிக அருகில் வந்துவிட்டதால் குவிக்க முடியாமல் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தபோது, நாங்கள் நின்ற இடத்திலேயே ஜூமைக் குறைத்துக்கொண்டோம். செப்டம்பரில் அதே முனையில் மெக்சிகோவை நோக்கிப் புறப்படும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் கூடுகின்றன. எருக்கின் உறவான மில்க்வீட் செடியில் அமர்ந்த ஒன்றை, நிழல் அதன்மேல் விழாத தூரத்திலிருந்தே சிறகின் செதில் தெரியும்படி எடுக்க முடிந்தது. வாங்கும்போது நாங்கள் எதிர்பார்க்காத திறமை இது.

1893-இல் அமைக்கப்பட்ட அல்கோன்குயின் பூங்காவில் செப்டம்பர் கடைசியில் மேப்பிள் இலைகள் சிவக்கும். அங்கே இலைகளின் பளபளப்பை அடக்க, லென்ஸின் முன்னால் ஒரு போலரைசர் கண்ணாடி அவசியம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை. அங்கே யார் எடுத்தாலும் படம் நன்றாகத்தான் வரும்.

நயாகராவில் மட்டும் வாசகத்தைப் பற்றி எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அருவியிலிருந்து எடுத்த மின்சாரம் ஒரு காலத்தில் 25 ஹெர்ட்ஸாக இருந்தது. தென் ஒன்டாரியோவை 60 ஹெர்ட்ஸுக்கு மாற்ற 1949 முதல் 1959 வரை ஆயிற்று. வீடு வீடாகப் போய்ச் சலவை இயந்திரம் முதல் கடிகாரம் வரை எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு மாகாணமே அலைவெண்ணை மாற்றிக்கொண்டு அத்துடன் அதை மறந்தும்விட்டது. என் கேமராவால்தான் மறக்க முடியவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பால் முறையிலேயே வைத்துக்கொண்டு, வீடியோ எடுக்கும்போது மட்டும் ஷட்டரைக் கையால் 1/60 நொடிக்கு வைத்தால், விளக்கின் ஏற்ற இறக்கம் ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் முழுதாக இரண்டு முறை அடங்கிவிடும். பட்டையும் வராது, வாசகமும் வராது. எனக்கு அது போதும். என் கணவருக்குப் போதாது. குழந்தை ஓடும்போது சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருக்க முடியாது, எல்லாம் தானாக நடக்க வேண்டும் என்பது அவர் கட்சி. தவிர, அங்கே விற்கும் தொலைக்காட்சிகளில் சில 50 ஹெர்ட்ஸ் சமிக்ஞையை ஏற்பதில்லை; ஆகவே பிள்ளைகள் பார்க்கவாவது 60 வேண்டும் என்பார். அவர் சொல்வதிலும் தவறில்லை. அவர் மாற்றிவிட்டுப் போவதும், மறுநாள் காலை பறவைக்காக நான் திறக்கும்போது அந்த வாசகம் என்னை வரவேற்பதும், நினைவட்டையை அழிக்காமல் என்னால் அதைத் திருப்பி மாற்ற முடியாமல் இருப்பதும் ஓராண்டு நடந்தது. ஆளுக்கொரு நினைவட்டை வைத்துக்கொண்ட பிறகு சண்டை பாதியாகக் குறைந்தது.

தோழிக்கு என் பதில்: வாங்க வேண்டாம். விலை இறங்கியிருந்தாலும் வேண்டாம். வாங்கியவரை நம்பாமல், ஒவ்வொரு முறையும் அவருக்கே நினைவூட்டும் கருவிக்குப் பணம் கொடுக்கக்கூடாது என்பது என் கொள்கை. வீட்டுப் படங்களுக்குக் கைப்பேசி போதும். பறவைகளுக்கு என்ன செய்வது என்று கேட்டால் இதே விலையில் இதற்கு ஈடாகச் சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை. ஆனால் எங்களுடையதை மட்டும் இரவல் கேட்க வேண்டாம். வார்ப்ளர்கள் வரும் மே மாதத்துக்குள் நாங்கள் மறுபடி அங்கே போயிருக்க வேண்டும்.