விறகுப் போறணைப் பாண்: திருநெல்வேலிப் பக்கத்து வெதுப்பகம் ஒண்டைப் பற்றி

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில இருந்து கொஞ்சம் உள்ளுக்க போற ஒழுங்கை ஒண்டில பாண், அதாவது பிரெட், சுடுற சின்ன வெதுப்பகம் இது, அந்தப் பக்கத்து ஆக்கள் கனபேருக்குத் தெரிஞ்சிருக்கும், விறகுப் புகை மணத்தைப் பிடிச்சுக்கொண்டு போனாலே காணும் கடை வந்திடும். எனக்குத் தெரிஞ்ச மற்ற வெதுப்பகக்காரர் கனபேர் கரண்ட் அடுப்புக்கோ காஸுக்கோ மாறிட்டினம், இவை இன்னும் போறணையை, விறகு எரிச்சுச் சூடாக்கிற கல்லடுப்பை, விடேல்லை. அதுக்காகவே வடிவா எழுதோணும் எண்டு நினைச்சன்.

றோஸ் பாண், அதாவது ரோஸ்ட் பாண், தான் இஞ்ச ராசா. விறகைப் போறணைக்குள்ளயே எரிச்சு, கல்லு நல்லாச் சூடேறினாப் பிறகு தணலை ஒதுக்கிப்போட்டு, அந்தக் கல்லுச் சூட்டில தான் பாண் வேகுது, அதால மேல் தோல் மொறுமொறு எண்டு இருக்க உள்ளுக்க பஞ்சு மாதிரி இருக்கும். சூட்டோட பிச்சு இடிச்ச சம்பலோட சாப்பிட்டுப் பாருங்கோ, வேற கறி தேவையில்லை. மாலுபாணும் திறம், மீனை மிளகு போட்டுப் பிரட்டித் தாராளமா வைக்கினம், உருளைக்கிழங்கை மட்டும் அடைஞ்சு ஏமாத்திற வேலை இல்லை. அச்சுப் பாண் சுமார். முதலை வடிவில இருக்கிற கிம்புலா பணிசுக்கு மேல சீனி கூடிப்போச்சு, அதைக் குறைச்சால் நல்லம்.

இனி எனக்கு இந்தக் கடை ஏன் இவ்வளவு பிடிச்சது எண்டு சொல்லுறன். இப்ப புதுசாத் திறக்கிற கடையள் கனக்க "பிரெட்" எண்டு எழுதத் தொடங்கிட்டுது, இவை மூண்டு மொழியிலயும் பாண் எண்டே எழுதி வச்சிருக்கினம், இங்கிலீஷ் எழுத்திலயும் பாண் தான். அந்தச் சின்னச் சொல்லால கவுண்டரில நடக்கிற கதையள் கொஞ்சமில்லை.

ஒருக்கா வட இந்தியாவில இருந்து வந்த குடும்பம் ஒண்டு அந்த இங்கிலீஷ் எழுத்தைப் பாத்திட்டு உள்ள வந்து இனிப்பு பான் இருக்கோ எண்டு கேட்டுதுகள். அவைக்குப் பான் எண்டால் வெத்திலை, சமஸ்கிருதத்தில இலைக்குச் சொல்லுற பர்ணத்தில இருந்து வந்த சொல். கவுண்டரில நிண்ட அக்கா சிரிக்கேல்லை, முகத்தைச் சுழிக்கவும் இல்லை, சூடான பாணில ஒரு துண்டு பிச்சு அவையின்ர பிள்ளையின்ர கையில குடுத்து, இஞ்ச இது தான் பாண் எண்டு காட்டிப்போட்டு, வெத்திலைக் கடை எந்தப் பக்கம் எண்டும் சொல்லி விட்டா. அவை ரெண்டு றாத்தல் வாங்கிக்கொண்டு தான் போச்சினம்.

தமிழ்நாட்டு ஆக்களும் இப்ப கூட வருகினம், பலாலி விமான நிலையத்துக்கு 2019இல சென்னைப் பிளேன் வரத் தொடங்கி, பேந்து 2023இல நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பலும் வந்தது தானே. அவைக்குத் தமிழ் எழுத்து விளங்கும், சொல் விளங்காது. "ஏங்க, பாண்னா என்னங்க?" எண்டு ஒரு ஐயா கேட்டார், அவருக்குப் பாண் எண்டால் சங்க காலப் பாணர் தான் ஞாபகத்தில. றோஸ் பாண் எண்டதும் ரோசாப்பூ வாசம் போட்டதோ எண்டு கேட்டார். இவ்வளவும் தமிழ் தெரிஞ்ச மனிசர்!

அவர் சொன்னதும் பிழையில்லை, பழைய தமிழில பாண் எண்டால் பாட்டு. எங்கட ஊரின்ர பேரிலயே அந்தப் பாணன் இருக்கிறான் எண்டு தானே கதை, கண் தெரியாத பாணன் ஒருத்தன் யாழ் வாசிச்சு அரசனிட்ட மணல் நிலத்தைப் பரிசா வாங்கினான், அது யாழ்ப்பாணம் ஆச்சு எண்டு சின்னனில எல்லாரும் கேட்டிருப்பம். ஆனா சாப்பிடுற பாணுக்கும் அந்தப் பாணனுக்கும் ஒரு சொந்தமும் இல்லை. இது போத்துக்கீசர் கொண்டு வந்த சொல். அவை 1505இல இலங்கைக்கு வந்து 1619இல யாழ்ப்பாணத்தைப் பிடிச்சு 1658 வரைக்கும் ஆண்டவை, கதிரை, அலுமாரி, குசினி, சப்பாத்து எல்லாம் அவையிட்ட இருந்து வந்தது தான், போறணையும் அவையின்ர சொல் தான். சிங்களத்திலயும் பாண் தான், அதால பேக்கரியில மட்டும் ரெண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்ப்பு தேவையில்லை. அதே போத்துக்கீசச் சொல் மும்பைப் பக்கம் பாவ் ஆச்சு, பாவ் பாஜியில வாறது அது தான். 1543இல யப்பானுக்கும் போத்துக்கீசர் போய் இறங்கினவை, அங்கயும் இண்டைக்கு வரைக்கும் பான் எண்டால் கோதுமைப் பாண் தான். எனக்கு இது சரியான சந்தோசமான விசயம், யப்பான்காரர் ஒராள் இந்தக் கவுண்டருக்கு வந்து ஒரு தமிழும் தெரியாமலே பாண் கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம், பக்கத்தில கடல் கடந்து வந்த எங்கட தமிழாளுக்குத் தான் விளங்கப்படுத்தோணும்.

றாத்தல் எண்ட சொல்லையும் விடக்கூடாது. அது அரபியில இருந்து வந்த நிறைக் கணக்கு, ஒரு இறாத்தல் எண்டால் ஏறத்தாழ 453 கிராம், இப்ப ஒரு முழுப் பாண் 450 கிராம் இருக்கோணும் எண்டு இருக்கிறதும் அந்தக் கணக்கில தான். இந்தக் கடையில தராசு கவுண்டரிலயே இருக்கு, சந்தேகம் எண்டால் நிறுத்துக் காட்டுவினம், நான் கேட்காமலே வேற ஒரு அம்மாவுக்கு நிறுத்துக் காட்டினதைக் கண்டிருக்கிறன். அரபிக் கணக்கில போத்துக்கீசச் சாமானைத் தமிழில கேட்டு வாங்குறம், "அக்கா, ஒரு றாத்தல் பாண் தாங்கோ" எண்டு. பிள்ளையளுக்கு இதைச் சொல்லிக் குடுங்கோ, அதுகள் கேட்டுக்கொண்டே சாப்பிடுங்கள்.

குறையள் ரெண்டு மூண்டு இருக்கு. ஒழுங்கை ஒடுக்கம், கார் கொண்டு போனால் திருப்பக் கஷ்டம், சைக்கிளிலயோ மோட்டச்சைக்கிளிலயோ போங்கோ. காட் எடுக்க மாட்டினம், காசு தான். மழை நாளில விறகு ஈரம் எண்டால் பாண் பிந்தும், அந்த நேரம் நிண்டு தான் வாங்கோணும்.

விடிய ஒரு சூடு, பின்னேரம் ஒரு சூடு இறக்குவினம், பின்னேரச் சூடு தான் எனக்குப் பிடிச்சது, ஆனா கெதியா முடிஞ்சிடும். தமிழ்நாட்டில இருந்தோ வெளிநாட்டில இருந்தோ சொந்தக்காரர் வந்து நிண்டால் அவையையும் கூட்டிக்கொண்டு போங்கோ, வெட்டாத முழுப் பாணாக் கேளுங்கோ, மெசினில வெட்டினால் அந்தத் தோல் உடைஞ்சு போயிடும்.