1293 என்று பில், 1312 என்று எஞ்சின்: பழைய மினி வைத்திருப்போர் கவனத்திற்கு

இங்கிலாந்தில் பழைய கார்களுக்கான பந்தயங்களில் மினி கூப்பர் எஸ் ஓட்டி வருகிறேன். எஞ்சின் கட்டிக் கொடுத்த ஒரு பட்டறையால் இந்தப் பருவத்தில் எனக்கு நேர்ந்ததை, அதே எஞ்சினைப் பிரிக்கக் கொடுக்கவிருப்பவர்கள் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

1964-ல் வந்த 1275 சி.சி. எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 70.64 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 81.33 மி.மீ. தேய்ந்த சிலிண்டரை அரை மில்லிமீட்டர் அளவுக்குக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் (அசல் அளவைவிடச் சற்றுப் பெரியது) போட்டால் கொள்ளளவு ஏறத்தாழ 1293 சி.சி. ஆகும். நான் ஓடும் வகுப்பின் உச்சவரம்பு 1300 சி.சி. என்பதால் பலரும் நிற்கும் இடம் அதுதான். அடுத்த ஓவர்சைஸான ஒரு மில்லிமீட்டருக்குப் போனால் 1312 ஆகிவிடும். அந்தக் கார் அந்த வகுப்பில் ஓடத் தகுதியற்றது.

நான் எழுதிக் கொடுத்ததும் 1293, பில்லில் இருந்ததும் 1293. மூன்றாவது பந்தயம் முடிந்ததும் பரிசோதகர்கள் சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டைக் கழற்றச் சொன்னார்கள். பிஸ்டனின் தலையில் படிந்திருந்த கரியைத் துடைத்தபோது 040 என்ற முத்திரை தெரிந்தது. அது 0.040 அங்குலத்தைக் குறிக்கும்; அதாவது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஓவர்சைஸ். நான்கு சிலிண்டர்களையும் அளந்து உறுதி செய்த பின் என் பந்தய முடிவை ரத்து செய்தார்கள். காரின் தகுதிக்குப் பந்தயத்தில் நுழைபவரே பொறுப்பு என்பது விதி. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அன்று மைதானத்தில் என்னை ஏமாற்றுக்காரனாகப் பார்த்த நண்பர்களின் முகம் இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை.

பட்டறை உரிமையாளரைக் கேட்டேன். இரண்டாவது சிலிண்டரில் ஆழமான கீறல் இருந்ததாகவும், அரை மில்லியில் அது போகாததால் நான்கையும் பெரிதாக்கியதாகவும் சொன்னார். அந்த ஒரு சிலிண்டருக்கு லைனர் (சிலிண்டருக்குள் பொருத்தும் உலோகக் குழாய்) போட்டிருக்கலாம்; குறைந்தபட்சம் ஒரு தொலைபேசி அழைப்பில் என்னைக் கேட்டிருக்கலாம். வேலை சுருங்கும் வழியைத் தேர்ந்துகொண்டு, பில்லில் பழைய எண்ணையே எழுதியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பணத்தைத் திருப்பித் தரவும் அவர் மறுத்துவிட்டார்.

கடைந்தெடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. பக்கவாட்டில் டாப்பெட் (வால்வுகளை இயக்கும் பாகம்) மூடிகள் கொண்ட அசல் எஸ் பிளாக், அதாவது சிலிண்டர்கள் அமைந்த இரும்பு உடல், இன்று எளிதில் கிடைப்பதில்லை. சுவர் மெலிந்துவிட்ட ஒன்றைத் தூக்கி எறியவும் மனம் வராது. ஆகவே ஹெட் ஏறுவதற்கு முன்பே நேரில் போய்ப் பிஸ்டன் முத்திரையைப் பாருங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும், பிஸ்டன்களோடு இணைந்து சுழலும் தண்டான கிராங்கின் ஸ்ட்ரோக்கையும் கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். ஹெட் ஏற்கெனவே பூட்டப்பட்டிருந்தால் ஸ்பார்க் பிளக் துளை வழியே சிறு கேமராவை விட்டுப் பார்க்கலாம். புது எஞ்சினில் கரி படியாததால் எண் தெளிவாகவே தெரியும்.

என் பிளாக் இப்போது வேறொரு பட்டறையில், நான்கு சிலிண்டர்களுக்கும் லைனர் போடுவதற்காகக் காத்திருக்கிறது. கடைவதற்கு முன் அழைப்பதாக அவர்கள் எழுத்தில் தந்திருக்கிறார்கள்.