ஸ்கம்ஸ் விஷ்ஷா, அகு நோ ஹனாவா?

செமஸ்டர் லீவுக்கு வந்திருந்த சித்தி மகள், “அக்கா, ஒரு லவ் அனிமே சொல்லு. கடைசியில எல்லாம் சரியாகிச் சேர்ந்துடற கதை மட்டும் வேண்டாம்” என்றாள். மனதில் உடனே வந்தவை இரண்டு ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள்: ‘ஸ்கம்ஸ் விஷ்’, ‘அகு நோ ஹனா’. இரண்டையும் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு ‘ஸ்கம்ஸ் விஷ்’ஷைத்தான் அவளுக்குக் கொடுத்தேன். முடிவைச் சொல்லாமல் காரணத்தைச் சொல்ல முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

இரண்டுமே மாங்காவிலிருந்து, அதாவது ஜப்பானிய காமிக்ஸிலிருந்து வந்தவை. ‘அகு நோ ஹனா’ 2013-இல் வந்தது. 13 எபிசோட், இயக்கம் ஹிரோஷி நகஹாமா. ‘ஸ்கம்ஸ் விஷ்’ 2017 ஜனவரி முதல் மார்ச் வரை ஃபூஜி டிவியின் நோய்டமினா என்ற இரவு நேர அனிமே வரிசையில் ஓடியது. 12 எபிசோட், லெர்ச்சே ஸ்டுடியோ, இயக்கம் மசாவோமி ஆந்தோ. இசை, குரல் நடிப்பு இரண்டிலுமே நன்றாக இருக்கும்.

அகு நோ ஹனாவில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் முகங்கள். நிஜ நடிகர்களை நடிக்கவைத்துப் படம்பிடித்து, அதன்மேல் வரைந்திருக்கிறார்கள். பளபளக்கும் பெரிய கண்கள் கிடையாது. கிர்யூ என்ற நிஜ ஊரின் துருப்பிடித்த தகரமும் வெறிச்சோடிய தெருவும் அப்படியே வருகின்றன. பிரெஞ்சுக் கவிஞர் போதலேரின் கவிதைப் புத்தகத்தை மார்போடு அணைத்துத் திரியும் பள்ளி மாணவன் கசுகா, தனக்குப் பிடித்த பெண்ணின் விளையாட்டு உடையைத் திருடிவிடுகிறான். அதைப் பார்த்துவிடும் வகுப்புத் தோழி நகாமுரா அந்த ரகசியத்தை வைத்தே அவனை ஆட்டிப்படைக்கிறாள். இருவரும் சேர்ந்து வகுப்பறையை நாசம் செய்துவிட்டு வீடு திரும்பும் நடையில் நிமிடக்கணக்கில் ஒரு வார்த்தை கிடையாது. அந்த மௌனத்துக்காகவே இதைப் பார்க்கலாம்.

ஆனால் கதை பாதியில் நிற்கிறது. மாங்கா 2009-இல் தொடங்கி 2014-இல்தான் 11 தொகுதிகளாக முடிந்தது. அனிமே வந்தபோது மூலக்கதையே முடிந்திருக்கவில்லை. கடைசி எபிசோடில் இனி நடக்கப்போவதைத் துண்டு துண்டாகக் காட்டிவிட்டு நிறுத்தினார்கள். அடுத்த பாகம் வரவே இல்லை. 2019-இல் வந்த ‘டொமெஸ்டிக் நா கனோஜோ’ அனிமேவையும் இதே காரணத்தால்தான் கணக்கில் எடுக்கவில்லை. 28 தொகுதிக் கதை 12 எபிசோடில் எங்கே முடியும்?

முடிவை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்றால், இந்த வகைக் கதையில் ஒருவரையொருவர் காயப்படுத்துவதைக் காட்டுவது எளிது. அந்தக் காயத்தைக் கடைசியில் கதை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. பல கதைகள் ‘இவ்வளவு பட்டதும் காதலுக்காகத்தான்’ என்று கணக்கை நேர்செய்து ஜோடி சேர்த்துவிடும். பட்ட அடிக்கெல்லாம் பரிசு உண்டு என்று இளம் வயதில் ஒருத்தி நம்பிவிடக்கூடும். அதுதான் எனக்குப் பயம்.

ஸ்கம்ஸ் விஷ் அதைச் செய்யவில்லை. பள்ளி மாணவி ஹனாபிக்குச் சிறுவயதிலிருந்தே பக்கத்து வீட்டு அண்ணனாக இருந்த கனாய் மீது காதல். இப்போது அவர்தான் அவள் வகுப்பாசிரியர். அதே பள்ளி மாணவன் முகிக்கோ, முன்பு தனக்கு வீட்டில் டியூஷன் எடுத்த அகானே மீது. அவள் இப்போது அதே பள்ளியில் இசை ஆசிரியை. கனாய்க்கோ அகானேவைப் பிடித்திருக்கிறது. ஹனாபியும் முகியும் ஊருக்கு முன் ஜோடி என்று ஒப்பந்தம் போடுகிறார்கள். ஒருவரையொருவர் காதலிக்கக் கூடாது. யாராவது ஒருவர் காதல் கைகூடினால் இது முடிந்தது. அதுவரை நீ எனக்கு அவர், நான் உனக்கு அவள்.

இதை ஆந்தோ காட்டும் விதம் அருமை. திரை திடீரென்று மாங்காப் பக்கம்போல் கட்டங்களாகப் பிரியும். ஒன்றில் அவள் கண், இன்னொன்றில் அவன் கை. ஒரே அறையில்தான் இருக்கிறார்கள், ஆனால் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. சயூரி பாடிய முடிவுப் பாட்டின் பெயர் ‘ஹெய்கோசென்’, அதாவது இணைகோடுகள். முதல் வாரமே முடிவைச் சொல்லிவிட்டிருக்கிறார்கள். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது.

இருவரும் தாங்கள் காதலிப்பவரிடம் மனதிலிருப்பதைச் சொல்லிவிடுவது, அப்புறம் சந்திப்பது என்று பேசிக்கொள்கிறார்கள். அவள் சொல்லிவிட்டு வந்து காத்திருக்கிறாள். அவன் வரவில்லை. பிறகு கலைவிழா நாளில் சந்திக்கிறார்கள், நன்றாகப் பேசுகிறார்கள். இப்போது சேர்ந்துவிடலாமே என்று பார்க்கிற நமக்கே தோன்றுகிற அந்த இடத்தில், ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். மாங்காவும் 2017 மார்ச்சில்தான் முடிந்தது. அதனால் அனிமேவால் உண்மையான முடிவு வரை போக முடிந்தது.

குறைகளும் உண்டு. நெருக்கமான காட்சிகள் தேவைக்கு அதிகம். அவர்கள் பள்ளிப் பிள்ளைகள் என்பதால் பல இடங்களில் எனக்குச் சங்கடமாக இருந்தது. பதினெட்டுக்குக் கீழே யாருக்கும் இதைத் தரமாட்டேன். அதைவிடப் பெரிய குறை அகானே. மாணவனிடம் எல்லை மீறும் ஆசிரியை செய்வது குற்றம். கதை அவளைத் தனிமையில் தவிக்கும் பெண்ணாக மட்டும் பார்த்து, கடைசியில் கனாயோடு கல்யாணமும் செய்துவைக்கிறது. பிள்ளைகளிடம் காட்டிய நேர்மையை இங்கே காட்டவில்லை.

மாங்காக்களை வைத்து ஒப்பிட்டால் என் தீர்ப்பு மாறலாம். அகு நோ ஹனாவைப் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் படித்திருக்கிறேன், அதுவரைக்கும் அனிமேவைவிட ஆழமாகவே போகிறது. ஆகவே இது அனிமேக்கு மட்டுமான கணக்கு.

சித்தி மகள் பன்னிரண்டையும் ஒன்றரை நாளில் முடித்தாள். “அவன் ஏன்க்கா வரல?” என்று மட்டும் கேட்டாள். ரயில் ஏறும்போது அகு நோ ஹனா முதல் தொகுதியை அவள் பையில் வைத்துவிட்டேன்.