பொழுதுபோக்குப் புதையல் வேட்டைக்கு எந்த மெட்டல் டிடெக்டர்?

மெட்டல் டிடெக்டர் வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை அடி ஆழம் வரை காட்டும்?" என்பதுதான். விற்கிறவர்களும் அதற்கேற்ற பதிலையே பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் பழைய நாணயங்களையும் மோதிரங்களையும் பொழுதுபோக்காகத் தேடப் போகிறவருக்கு ஆழம் இரண்டாம்பட்சமே. தேடப் போகும் மண்ணில் இரும்புத் தாதும் உப்பும் எவ்வளவு இருக்கின்றன, துருப்பிடித்த ஆணியும் அலுமினியக் குப்பையும் எவ்வளவு கிடக்கின்றன, அந்தக் குப்பைக்கு நடுவே இருக்கும் நல்ல பொருளைக் கருவி தனியாகப் பிரித்துக் காட்டுகிறதா என்பவற்றைத்தான் முதலில் கேட்கவேண்டும். கேரெட் ஏஸ் 300, கேரெட் ஏடி புரோ, நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ், மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 ஆகிய நான்கு கருவிகளையும் இக்கேள்விகளைக் கொண்டே இங்கு மதிப்பிடுகிறேன்.

ஆழம் பற்றிய மயக்கத்தை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது. கருவியின் அடியில் இருக்கும், கம்பிச்சுருள்கள் பொதிந்த தட்டான காயில், மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் செலுத்துகிறது. அது உலோகத்தில் படும்போது அதனுள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு சிறு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. அதைத்தான் காயிலின் மற்றொரு கம்பிச்சுருள் உணர்கிறது. போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் புலம் வேகமாகத் தேய்வதால், காயிலின் அளவைத் தாண்டிய தூரங்களில், ஆழம் இருமடங்கானால் திரும்பி வரும் சமிக்ஞை ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. சமிக்ஞையை இருமடங்கு வலுவாக்கினாலும் ஆழத்தில் கிடைக்கும் ஆதாயம் பத்துப் பன்னிரண்டு விழுக்காடுதான். ஆகவே 28 சென்டிமீட்டர் காயில் கொண்ட நல்ல கருவி எதுவானாலும், சாதாரண மண்ணில் ஒற்றை நாணயத்தை 20 முதல் 25 சென்டிமீட்டர் ஆழத்தில் தெளிவாகக் காட்டினால் அது தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். பெரிய பானையோ பெட்டியோ இன்னும் ஆழத்தில் அகப்படலாம். ஒரு நாணயத்தை மூன்று அடியில் காட்டும் என்று சொல்லப்படும் பொழுதுபோக்குக் கருவியை நம்ப வேண்டியதில்லை.

திரையில் தோன்றும் எண்ணைப் பற்றியும் இதே அளவு தெளிவு வேண்டும். ஏஸ் 300-உம் ஏடி புரோவும் சிம்ப்ளெக்ஸ் பிளஸ்ஸும் 0 முதல் 99 வரையிலான எண்களைக் காட்டுகின்றன. ஈக்வினாக்ஸ் 800 மைனஸ் 9 முதல் 40 வரை காட்டுகிறது. இந்த எண் உலோகத்தின் பெயரைச் சொல்வதில்லை. அந்தப் பொருளின் மின்கடத்தும் தன்மை, பருமன், வடிவம் ஆகியவற்றால் சமிக்ஞை எவ்வளவு தாமதித்துத் திரும்பியது என்பதையே அது சொல்கிறது. கனமான வெள்ளி நாணயம் மேலே நிற்கும், இரும்பு கீழே நிற்கும், இவ்வளவு வரை சிக்கலில்லை. சிக்கல் நடுப்பகுதியில்தான் இருக்கிறது. மெல்லிய தங்க மோதிரமும், குளிர்பானக் கேனைத் திறக்கும் அலுமினிய வளையமும், கசங்கிய அலுமினியத் தாளும் அங்கேதான் கூட்டமாக நிற்கின்றன. அலுமினிய வளையத்தின் எண் ஒலிக்காதபடி கருவியில் ஒதுக்கிவிட்டால், அதே எண்ணில் வரும் மோதிரமும் சேர்ந்து மௌனமாகிவிடும். தங்கத்தை மட்டும் காட்டும் கருவி என்று எவரேனும் விற்றால், இந்த இயற்பியலை அவர் அறியாதவர் அல்லது அறிந்தும் மறைப்பவர்.

இதனினும் மோசமான ஏமாற்று ஒன்று உண்டு. கைப்பிடியில் ஆன்டெனா ஒன்று அசைந்தாட, நூற்றுக்கணக்கான மீட்டருக்கு அப்பால் இருக்கும் தங்கத்தைச் சுட்டிக்காட்டும் என்று விற்கப்படும் நெடுந்தூரக் கருவிகளையே சொல்கிறேன். அவற்றுக்குள் உலோகத்தை உணரும் வழியே கிடையாது. ஆன்டெனா அசைவது பிடித்திருப்பவரின் கை அறியாமல் சாய்வதால். இதே ஏமாற்றின் வேறொரு வடிவமான ஏடிஇ 651 என்ற பொய்க் கருவியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று பல நாடுகளுக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-இல் பிரிட்டனில் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. புதையல் ஆசையில் பணத்தைத் தொலைப்பவர்கள் இன்றும் இந்த வகைக் கருவிகளிடம்தான் தொலைக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனிக் கருவிகளுக்கு வருவோம். ஏஸ் 300 இயங்கும் அலைவெண் (காந்தப்புலம் நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்ற அளவு) 8 கிலோஹெர்ட்ஸ், சிம்ப்ளெக்ஸ் பிளஸ் 12, ஏடி புரோ 15. தாழ்ந்த அலைவெண் வெள்ளி, செம்பு போன்று நன்றாக மின்கடத்தும் பெரிய பொருள்களுக்கும், உயர்ந்த அலைவெண் மெல்லிய தங்கம் போன்ற சிறு பொருள்களுக்கும் ஏற்றது. ஈக்வினாக்ஸ் 800 ஒரே நேரத்தில் பல அலைவெண்களை அனுப்பி அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கிறது. வேண்டுமானால் 5, 10, 15, 20, 40 கிலோஹெர்ட்ஸில் தனியாகவும் இயங்கும். இந்த வேறுபாடு உலர்ந்த, தாதுக்கள் குறைந்த புல்வெளியில் பெரிதாகத் தெரியாது. அங்கே நான்கும் கிட்டத்தட்ட ஒரே நாணயங்களைத்தான் எடுத்துத் தரும்.

ஈரமான கடற்கரை மணலில் நிலைமை தலைகீழாகிவிடும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் மணலே ஓர் உலோகம்போலக் கருவிக்குத் தோன்றுகிறது. கறுப்பு மணல் கலந்திருந்தால் அதிலுள்ள இரும்புத் தாது வேறொரு பக்கம் இழுக்கிறது. இதைச் சமன்செய்வதுதான் கிரவுண்ட் பேலன்ஸ். ஏஸ் 300-இல் அது தொழிற்சாலையிலேயே நிலையாக வைக்கப்பட்டுவிட்டது, நாம் மாற்ற முடியாது; ஆதலால் அலை நனைக்கும் மணலில் காயிலை வீசும்போதெல்லாம் பொய்யொலி எழும்பிக்கொண்டே இருக்கும். உணர்திறனைக் குறைத்தால் ஒலி அடங்கும், ஆழமும் கூடவே போய்விடும். சிம்ப்ளெக்ஸ் பிளஸ்ஸில் ஒரு பொத்தானை அழுத்தியபடி காயிலைத் தரைக்கு மேலே சில முறை ஏற்றி இறக்கினால் கருவி தானே சமன்செய்துகொள்ளும். ஏடி புரோவில் அதைக் கையாலும் நுணுக்கமாகத் திருத்தலாம். இருந்தாலும் ஒற்றை அலைவெண் கருவி உப்பை அல்லது தாதை, இரண்டில் ஒன்றைத்தான் முழுமையாகச் சமாளிக்கும். இரண்டும் கலந்த இடத்தில் ஈக்வினாக்ஸ் போன்ற பல அலைவெண் கருவி அமைதியாகத் தேடுவதைக் கேட்டவர்கள், அதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் எங்கே போகிறது என்று கேட்கமாட்டார்கள். பல்ஸ் இண்டக்ஷன் என்ற இன்னொரு வகை இதிலும் வல்லது, ஆனால் இரும்பையும் நல்ல உலோகத்தையும் பிரித்துச் சொல்வதில் மிகவும் பலவீனமானது. தோண்டக் கைவலிக்காதவர்களுக்கே அது பொருந்தும்.

என் மதிப்பீட்டில் மிக முக்கியமான சோதனை இரும்புக்கு நடுவே கருவி எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான், ஏனென்றால் மனிதர்கள் நெடுங்காலம் வாழ்ந்த இடங்களில்தான் நாணயங்களும் இருக்கும், ஆணிகளும் இருக்கும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். தரையில் ஒரு நாணயத்தை வைத்து, அதிலிருந்து ஒரு கையகல தூரத்தில் துருப்பிடித்த ஆணி ஒன்றை வைத்து, காயிலைத் தரையோடு ஒட்டி இரண்டையும் கடக்குமாறு வீசிப் பாருங்கள். மெதுவான கருவி ஆணியின் ஒலியிலிருந்து மீள்வதற்குள் நாணயத்தைத் தாண்டிவிடும். காதில் விழுவது ஒரே ஒரு மொத்தையான ஒலி. வேகமாக மீளும் கருவியில் ஆணியின் கரகரப்பு வெட்டுப்பட்டதுபோல நின்று, அதை ஒட்டியே நாணயத்தின் சிறிய, உயர்ந்த, வட்டமான ஒலி கேட்கும். ஈக்வினாக்ஸ் 800-இல் இந்த மீளும் வேகத்தை 1 முதல் 8 வரை மாற்றிக்கொள்ளலாம், அதன் தம்பியான 600-இல் 1 முதல் 3 வரைதான். இந்த ஒரு அமைப்புக்காகவே பழைய குடியிருப்பு நிலங்களில் தேடுகிறவருக்கு 800-ஐப் பரிந்துரைப்பேன். ஏடி புரோவும் இங்கே சளைத்ததன்று. அதிலுள்ள அயர்ன் ஆடியோ என்ற வசதி, ஒதுக்கப்பட்ட இரும்பின் ஒலியையும் நமக்குக் கேட்கவைப்பதால், நல்ல எண் காட்டிய பொருள் உண்மையில் தட்டையான இரும்புத் துண்டாக இருப்பதைப் பல நேரங்களில் தோண்டுமுன்பே காட்டிக்கொடுத்துவிடும்.

தட்டையான இரும்பும் சோடாமூடியும் உயர்ந்த எண்ணைக் காட்டி ஏமாற்றுவது எல்லாக் கருவிகளிலும் உண்டு. நின்ற இடத்திலிருந்து 90 பாகை நகர்ந்து மறுபடி வீசினால், வட்டமான நாணயம் அதே ஒலியையும் ஏறக்குறைய அதே எண்ணையும் தரும். ஆணியோ ஒரு திசையில் பாடி மறு திசையில் கரகரக்கும். எண்ணைவிடக் காதை நம்பப் பழகியவர் மலிவான கருவியிலும் அதிகம் எடுப்பார்.

காயிலைப் பொறுத்தவரை, ஏஸ் 300-உடன் வரும் ஒருமையக் காயில் கூம்பு வடிவத்தில் மண்ணைப் பார்ப்பதால் பொருள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது. மற்ற மூன்றிலும் வரும் இரட்டை டி காயில் கத்தி போன்ற நீண்ட கீற்றாகப் பார்ப்பதால் தாது மிகுந்த மண்ணில் நிதானம் இழப்பதில்லை. எடை நான்கிலும் 1.3 கிலோவை ஒட்டியே இருக்கிறது. கேரெட் கருவிகள் ஏஏ பேட்டரியில் ஓடுகின்றன, மற்ற இரண்டும் சார்ஜ் ஏற்றக்கூடியவை. ஏஸ் 300-இன் காயிலை மட்டுமே நீரில் இறக்கலாம், திரைப்பெட்டி மழைக்கும் ஆகாது; மற்ற மூன்றும் 3 மீட்டர் வரை நீர் புகாதவை என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள்.

கருவிக்கு வைத்திருக்கும் பணம் முழுவதையும் கருவியிலேயே போடாமல் ஒரு பின்பாயிண்டருக்கும் நல்ல மண்வெட்டுக் கத்திக்கும் ஒதுக்கி வையுங்கள். கைக்குள் அடங்கும் சிறு உலோக உணர்வியான பின்பாயிண்டர் தோண்டிய குழிக்குள் பொருள் எந்தப் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கிறது என்று காட்டிவிடும். அது இல்லாதவர் மண்ணைக் கிளறிக் கிளறிக் குழியைப் பெரிதாக்கி, கடைசியில் கத்தி முனையால் நாணயத்தையே கீறிவிடுவார். கீறல் விழுந்த பழைய நாணயத்துக்கு மதிப்பு பெரிதும் குறைந்துவிடும். ஹெட்போனும் ஆடம்பரமன்று, ஆழத்தில் கிடக்கும் பொருளின் மெல்லிய ஒலி காற்றில் கரைந்துவிடும்.

நிலத்துக்கு உரியவரின் அனுமதியும், அந்தந்த நாட்டுத் தொல்பொருள் மற்றும் புதையல் சட்டங்களும் கருவி வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை. பல நாடுகளில் உரிமம் இல்லாமல் தேடுவதே குற்றம். 1992 நவம்பரில் இங்கிலாந்தின் ஹாக்ஸ்ன் கிராமத்தில், நண்பரான விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப்போன எரிக் லாஸ் கையில் பொன்னும் வெள்ளியும் வரத் தொடங்கியபோது, அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். அதனால்தான் தொல்லியலாளர்கள் அந்த ரோமானியப் புதையலை அது வைக்கப்பட்டிருந்த ஒழுங்கோடு எடுக்க முடிந்தது. ஏறத்தாழ 15,000 நாணயங்கள் கொண்ட அந்தப் புதையல் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எந்தக் கருவியைக் கையில் எடுப்பவரும் அவர் நடந்துகொண்ட முறையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல்முறை வாங்குகிறவருக்கு என் தேர்வு சிம்ப்ளெக்ஸ் பிளஸ். நீர் புகாத உடல், தானே சமன்செய்யும் கிரவுண்ட் பேலன்ஸ், அதிர்வு வழியாகவும் பொருளை உணர்த்தும் வசதி ஆகியவை தொடக்கநிலைக் கருவி ஒன்றில் சேர்ந்து கிடைப்பது எளிதன்று. ஏஸ் 300 சிறுவர்களுக்கும், உலர்ந்த நிலத்தில் எப்போதாவது தேடுகிறவர்களுக்கும் போதும். ஈர மணலும் பழைய குடியிருப்பு நிலமும் மாறி மாறிக் கிடைக்கிறவர் தயங்காமல் ஈக்வினாக்ஸ் பக்கம் போகலாம். ஏடி புரோ நல்ல கருவிதான் என்றாலும், புதிதாக வாங்குகிறவர் பல அலைவெண் கருவிகளை விட்டுவிட்டு அதைத் தேடிப் போகும் காரணம் இப்போது குறைந்துவிட்டது.

ஈக்வினாக்ஸ் வரிசையில் 700, 900 ஆகிய புதிய மாதிரிகள் வந்துவிட்டதால், 800-ஐப் பயன்படுத்திய நிலையில் வாங்க வாய்ப்பு அதிகம். அப்படி வாங்கும்போது கருவியை இயக்கி, காயிலை அசைக்காமல் வைத்துக்கொண்டு, காயிலிலிருந்து புறப்படும் கேபிளை மட்டும் மெல்ல வளைத்துப் பாருங்கள். அப்போது ஒலி எழுந்தால் உள்ளே கம்பி அறுந்துகொண்டிருக்கிறது. காயிலைத் தண்டோடு இணைக்கும் காதுகளில் விரிசல் இருக்கிறதா, சார்ஜ் ஏற்றும் இடத்தில் பச்சை படிந்திருக்கிறதா, திரைக்குள் நீராவி பூத்த தடம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பிறகு ஒரு நாணயத்தைக் காயிலுக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி அசைத்து, எண் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.