கொக்கோ: குடிப்பதா, கடிப்பதா?

சாக்லேட் என்றதும் இன்றைக்குப் பலருக்கும் நினைவுக்கு வருவது பளபளப்புத் தாளில் சுற்றிய கட்டிதான். ஆனால் கொக்கோவின் கதையில் கட்டி நேற்று வந்த பிள்ளை. ஈக்வடாரின் சாந்தா அனா லா ஃப்ளோரிடாவில் தோண்டியெடுத்த பாத்திரங்களில் சுமார் 5,300 ஆண்டுப் பழைய கொக்கோத் தடயம் கிடைத்திருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஃப்ரை கம்பெனி கடித்துத் தின்னும் கட்டியைப் போட்டது 1847-இல். இடையில் இருந்த காலமெல்லாம் கொக்கோ என்றால் பெரும்பாலும் பானம்தான். சரி, இந்த இரண்டில் எதில் கொக்கோ கொக்கோவாகவே இருக்கிறது?

பழைய பானத்திலிருந்து தொடங்கலாம். மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் கொட்டையை வறுத்து, தோலை நீக்கி, சாய்வான கல்லில் வைத்து அரைப்பார்கள். கல்லுக்கு அடியில் கொஞ்சம் தணல் வைப்பதும் உண்டு. கொட்டையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு என்பதால், சொட்டுத் தண்ணீர் விடாமலே அது கூழாக இளகிவிடும். அப்புறம் நீரில் கரைத்து, மிளகாய், வனிலா, வாசனைப் பூக்கள் சேர்ப்பார்கள். நுரை இல்லாவிட்டால் மதிப்பில்லை. ஒரு பெண் நின்றபடி, கீழே இருக்கும் பாத்திரத்துக்கு உயரத்திலிருந்து பானத்தை ஆற்றுகிற காட்சியை 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, பழைய மாயா நாகரிகத்தின் குவளை ஒன்றில் இன்றும் பார்க்கலாம். உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டிக் கடையும் மொலினில்லோ என்ற மரமத்து பின்னர் ஸ்பானியர் காலத்தில்தான் பரவியது.

அந்தப் பானம் எவ்வளவு பெரிய ஆடம்பரம் என்பதற்கு மெக்சிகோவின் த்லாஸ்காலாவில் 1545-ஆம் ஆண்டு போட்ட விலைப்பட்டியலே சாட்சி. ஒரு பெரிய தக்காளிக்கு 1 கொக்கோக் கொட்டை, ஒரு பெட்டை வான்கோழிக்கு 100. கொட்டைதான் காசு! ஒரு குவளை குடிப்பது காசை அரைத்துக் குடிப்பதுதான். கொட்டையைக் குடைந்து உள்ளே மண்ணை அடைத்து ஏமாற்றியவர்களும் இருந்தார்கள். கள்ளப்பணத்துக்கு வயது அதிகம்.

ஐரோப்பாவுக்குப் போனதும் சர்க்கரை சேர்ந்தது, அதோடு ஒரு வழக்கும் சேர்ந்தது: கத்தோலிக்கர்கள் நோன்பு நாளில் இதைக் குடிக்கலாமா? பானம் நோன்பை முறிக்காது என்று கர்தினால் பிரான்காச்சோ 1664-இல் எழுதினார். அன்றைக்கு சாக்லேட் கட்டியாக இருந்திருந்தால் அந்த வாதம் எடுபட்டிருக்காது.

எல்லாம் திசை மாறியது 1828-இல். நெதர்லாந்தின் வான் ஹவுடன் குடும்பம், அரைத்த கொக்கோவிலிருந்து கொழுப்பைப் பிழியும் அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றது. பிழிந்த பிறகு மிஞ்சிய சக்கை பொடியானது. வெளியே வந்த கொக்கோ வெண்ணெயை அரைத்த கொக்கோவிலும் சர்க்கரையிலும் கூடுதலாகச் சேர்த்தபோது, அச்சில் வார்க்கத் தோதான குழம்பு கிடைத்தது. கட்டியின் பிறப்பு அப்படித்தான். ஆக, இன்று டப்பாவில் வரும் பொடியைக் கலக்கிக் குடித்துவிட்டு மாயா மரபு என்று பெருமைப்பட முடியாது. அது வெண்ணெயைப் பறிகொடுத்த கொக்கோ. பழைய பானத்துக்கு அது நேர் வாரிசு இல்லை, கட்டிக்குத்தான் உடன்பிறப்பு. கேக் செய்ய அதைவிட நல்லது கிடையாது. குடிக்க என்றால் என்னிடம் அதற்கு ஓட்டு இல்லை.

கட்டிக்கு வருவோம். 1870-களில் சுவிட்சர்லாந்தில் டேனியல் பீட்டர் பாலைச் சேர்த்தார். 1879-இல் ரோடால்ஃப் லிண்ட் மணிக்கணக்கில் அரைத்துக் குழைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதனால் நாக்கில் நறநறப்பு போனது. கொக்கோ வெண்ணெய் உருகுவது 34 டிகிரி செல்சியஸ் வாக்கில், அதாவது உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழே. கையில் 'டக்'கென்று முறிந்து, வாயில் வைத்ததும் வழிந்தோடும் அந்தச் சுகத்தைப் பானம் தரவே முடியாது. பானத்தைப் பையில் போட்டுக்கொண்டு போகவும் முடியாது. 1937-இல் அமெரிக்க ராணுவம் அவசர உணவாகக் கேட்டது 4 அவுன்ஸ் கட்டியைத்தான்; வீரர்கள் ஆசைப்பட்டு முன்கூட்டியே தின்றுவிடக் கூடாதென்று, வேகவைத்த உருளைக்கிழங்கைவிடக் கொஞ்சம் பரவாயில்லை என்ற அளவுக்கு ருசி இருந்தால் போதும் என்றார்கள்.

ஆனால் கட்டிக்குள் எதையும் ஒளித்துவிடலாம், அதுதான் எனக்கு உறுத்தல். அமெரிக்க விதிப்படி அரைத்த கொக்கோ 10 சதவீதம் இருந்தாலே அது பால் சாக்லேட். ஐரோப்பிய ஒன்றியம் கொக்கோ வெண்ணெய் தவிர்த்த சில தாவரக் கொழுப்புகளை 5 சதவீதம் வரை விடுகிறது. 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கொக்கோ டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டிய காலத்தில், சத்தமில்லாமல் இளைத்த கட்டிகள் எத்தனையோ. வெறும் கொட்டையை அரைத்துக் கரைத்த பானத்தில் இந்தத் தில்லுமுல்லுக்கு இடம் குறைவு.

விவசாயி பக்கம் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்டிலும் கானாவிலும் விளைகிறது. அங்கே கொக்கோ வேலையில் சுமார் 15.6 லட்சம் குழந்தைத் தொழிலாளர்கள் இருப்பதாக 2020-இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. குடிக்கிறவரும் கடிக்கிறவரும் இதில் தப்ப முடியாது.

இப்போது தியானக் கூட்டங்களில் குடிப்பதற்கென்று 'சடங்கு கொக்கோ' என்ற பெயரில் கெட்டி விழுதைக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். உள்ளே இருப்பது அரைத்த கொட்டைதான். மிச்ச விலை தியான இசைக்கு. மெக்சிகோவின் ஓஹாக்காவில் அரைவை மில்லுக்குப் போனால், கொட்டையோடு பட்டை, பாதாம், சர்க்கரை எல்லாவற்றையும் நாம் சொல்கிற அளவில் கலந்து அரைத்துத் தருவார்கள்.

பையில் வைத்துக்கொள்ளக் கட்டி. உட்கார்ந்து ருசிக்க முழுக்கொட்டைப் பானம். வாங்கும்போது பொருள் பட்டியலில் கொக்கோ மாஸ் (அரைத்த கொட்டைதான்) முதலில் இருக்கிறதா, சர்க்கரை முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். விழுதைக் கொஞ்சம் வெந்நீரில் குழைத்துவிட்டு மீதி நீரை ஊற்றிக் கடைந்தால் கட்டி தட்டாது. பால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், முதல் கப்பை மட்டும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.