குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொள்வோர் கவனத்திற்கு

சாரல் காலத்தில் குற்றாலத்திற்குச் செல்பவர்கள் அருவியில் இறங்கும் முன் எண்ணெய் தேய்த்து உடம்பைப் பிடித்துவிடச் சொல்வது வழக்கம்தான். ஆனால் தேய்த்துவிடுபவர் உங்கள் கழுத்தைப் பிடித்துத் திருப்ப முற்பட்டால், அந்த நொடியே எழுந்துவிடுங்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சென்ற ஆடியில் பேரருவிக்கு அருகே ஒரு கடையில் 300 ரூபாய் என்று பேசித்தான் அமர்ந்தேன். முதுகு முழுவதும் எண்ணெய் வழிந்துகொண்டிருக்கும்போது, தேய்ப்பது மூலிகைத் தைலம் என்றும் அதற்கு 1,200 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார்கள். அந்தத் தைலம் குளிர்பான பாட்டிலில் ஒட்டுச்சீட்டு எதுவும் இல்லாமல் இருந்தது. கற்பூர வாடையைத் தவிர வேறு மூலிகை எதுவும் அதில் தெரியவில்லை. பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன், கழுத்தைத் தொட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தும், தலையை இரு கைகளாலும் பிடித்து இரண்டு பக்கமும் வெடுக்கென்று திருப்பி நெட்டி முறித்தார்.

எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. குமட்டல் எடுத்து வாந்தியும் வந்தது. "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சூடு எறங்குது, கெட்ட நீர் வெளிய வருது. அப்படியே அருவியில போய் நில்லுங்க" என்றார். தலைசுற்றலோடு வழுக்குப்பாறையில் நிற்கச் சொல்வதைவிடப் பொறுப்பற்ற யோசனை இருக்க முடியாது. என் மனைவி என்னை அங்கேயே படுக்க வைத்து, பிறகு ஆட்டோ பிடித்துத் தென்காசியில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்.

சூடு இறங்குவதும் கெட்ட நீர் வெளியேறுவதும் வெறும் கடைப்பேச்சு. உடம்பைப் பிடித்துவிடும்போது இரத்தக் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் குறைகிறது. வெறும் வயிற்றோடு இருப்பவர்களுக்கும், தண்ணீர் போதாதவர்களுக்கும், அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அது அளவுக்கு மீறிக் குறைந்து மயக்கம் வரலாம். அப்போது படுத்துக் காலைச் சற்று உயர்த்தி வைத்து, மயக்கம் தெளிந்தபின் தண்ணீரோ உப்புக் கரைசலோ சிறிது சிறிதாகக் குடித்து, மெதுவாக எழ வேண்டும். அன்றைக்கு மதுவைத் தொடக் கூடாது. மறுநாள் தசைகளில் தோன்றும் வலி பெரும்பாலும் ஓய்விலும் வெந்நீர் ஒத்தடத்திலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். வலி போக வேண்டுமென்று மீண்டும் போய்ப் பிடித்துவிடச் சொல்வதுதான் தவறான வைத்தியம். முரட்டுத்தனமாக அழுத்தியதால் தசைநார்கள் சிதைந்திருந்தால் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். அப்படிப் போனால் வீட்டில் காத்திருக்கக் கூடாது, ஏனெனில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கழுத்து விஷயம் இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. கழுத்தெலும்புகளின் ஊடாக மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் மேலேறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து, அங்கே உறையும் இரத்தம் பக்கவாதத்தை உண்டாக்கலாம். அரிதாகவே நிகழ்ந்தாலும், சில சமயம் அதன் அறிகுறிகள் நாட்கள் கழித்தே தெரியும். பிடரியில் இதுவரை அறியாத வகையில் கடும் வலி, பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, நடையில் தள்ளாட்டம், முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை வலுவிழத்தல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் 108ஐ அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக முதல் நாலரை மணி நேரத்திற்குள் போடப்பட வேண்டியது என்பதால், விடியட்டும் என்று இருந்துவிடக் கூடாது. எனக்கு அழுத்தம் இறங்கியதோடு போயிற்று. கழுத்துப் பிடிப்பு மட்டும் சில நாட்கள் இருந்தது.

ரசீது கேட்டதற்கு அப்படியொரு வழக்கமே இல்லை என்று சிரித்தார்கள். ஆகவே பணத்தைக் கையில் கொடுக்காமல் கைபேசி வழியாகச் செலுத்துங்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லும்போது அந்தப் பதிவாவது சான்றாக இருக்கும்.